கண்புரைக்கு முழுப் புள்ளி, குளுக்கோமாவுக்குப் பாதி

கொழும்பில் ஒரு கண் சிகிச்சை நிலையம் எப்படி என்று யாரிடம் விசாரித்தாலும், அங்கே கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவரின் கதைதான் பதிலாகக் கிடைக்கும். காலையில் போனார், பின்னேரமே வீட்டுக்கு வந்துவிட்டார், இரண்டொரு நாளில் பத்திரிகை வாசிக்கிறார் என்பார்கள். அந்தக் கதைகள் பெரும்பாலும் உண்மையானவை. ஆயினும் கண்புரை, தேர்ந்த கைகளில் ஒரே நாளில் முடிந்து, பலனை நோயாளியே கண்கூடாகக் காணும் சிகிச்சை. பெரும்பாலும் கண்ணின் உள்ளழுத்தத்தால் பார்வை நரம்பு மெல்லக் கெட்டுவரும் நோயான குளுக்கோமாவோ வாழ்நாள் முழுவதும் தொடர்வது, அதன் மிகச் சிறந்த பலன் எதுவுமே மாறாமல் இருப்பதுதான். கெட்டுப்போன பார்வை நரம்பு மீள்வதில்லை. எஞ்சியிருப்பதைக் காப்பது மட்டுமே வைத்தியரால் இயலும். இந்த இரண்டாம் வகை நோயாளியை ஒரு நிலையம் எப்படி நடத்துகிறது என்பதைப் பார்த்தே அதற்குப் புள்ளி போட வேண்டும் என்பது என் கருத்து. இரண்டு நோயும் ஒருங்கே உள்ள என் பெரியம்மாவை அழைத்துக்கொண்டு, கொழும்பு நகருக்குள் இருக்கும் நடுத்தர அளவிலான ஒரு தனியார் கண் சிகிச்சை நிலையத்துக்குச் சில காலமாகப் போய்வருகிறேன். குறைகளையும் எழுதப்போவதால் அதன் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முன்பதிவு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொலைபேசியில் சனல் செய்தால் இலக்கம் குறுஞ்செய்தியாக வருகிறது. இலக்கத்துக்குப் பக்கத்தில் தரப்படும் நேரத்தை யாரும் நம்ப வேண்டாம். கருமணியை விரிக்கும் மருந்தை இட்டுவிட்டால் சில மணி நேரத்துக்குப் பார்வை மங்கி, வெளிச்சம் கூசும் என்பதால், துணைக்கு ஒருவர் வர வேண்டும் என்பதை முன்பதிவின்போதே சொல்லிவிடுகிறார்கள். காத்திருப்பு மண்டபம் துப்புரவாக இருக்கிறது, குளிரூட்டி மட்டும் வயோதிபர்களுக்குச் சற்று அதிகம்.

கண்புரைப் பிரிவின் ஒழுங்கைப் பாராட்டாமல் இருக்க முடியாது. கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து, கலங்கிய வில்லைக்குப் பதிலாகப் பொருத்த வேண்டிய செயற்கை வில்லையின் வலுவைக் கணிக்கும் பரிசோதனையை இங்கே ஒருமுறை செய்துவிட்டு நிறுத்துவதில்லை. பெரியம்மாவின் இரு கண்களின் அளவுகளுக்கும் இடையே வித்தியாசம் சற்றுக் கூடுதலாக இருந்ததால், அளவீட்டைத் திரும்பவும் செய்து, இரு தடவை எடுத்தவையும் ஒத்துவந்த பின்னரே கோப்பில் ஏற்றினார்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு கண்ணாடியின் வலு எதிர்பாராதபடி மாறிவிட்டது என்று முறையிடுவோரின் கதைகளில் பல, இந்த அளவீட்டில்தான் தொடங்குகின்றன.

அதற்கு அடுத்த மேசையில்தான் எனக்கு நெருடல் ஏற்பட்டது. அங்கே வில்லைகள் நாட்டின் பெயரால் விற்கப்படுகின்றன: இந்திய வில்லை ஒரு விலை, அமெரிக்க வில்லை வேறொரு விலை. 1949இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி முதன்முதலாகச் செயற்கை வில்லையைப் பொருத்தியதிலிருந்து நெடுங்காலம் அது வசதியுள்ளோருக்கே எட்டக்கூடிய பொருளாக இருந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1992இல் தொடங்கி, குறைந்த விலையில் வில்லைகளைத் தயாரித்த ஆரோலாப் தொழிற்கூடம் அந்த நிலையை மாற்றிய முக்கிய காரணங்களில் ஒன்று. ஆகவே நாட்டின் பெயர் வில்லையின் தரத்தைச் சொல்லிவிடாது. எந்தப் பொருளால் ஆனது, மடிக்கக்கூடியதா, தூரப் பார்வைக்கு மட்டுமானதா, சிதறல் பார்வையைத் திருத்துமா என்பனவே கேட்க வேண்டிய கேள்விகள். கேட்டபோது மேசையிலிருந்த பெண் பொறுமையாகப் பதில் சொன்னார் என்பதையும் குறிப்பிட வேண்டும். கேட்காதவர்களுக்கு அந்த விளக்கம் கிடைக்குமா என்பதே ஐயம்.

அவரே அடுத்ததாக, தூரத்தையும் கிட்டத்தையும் ஒருசேரக் காட்டும் பன்முகக் குவிய வில்லையை மிகுந்த உற்சாகத்துடன் பரிந்துரைத்தார். கண்ணாடியே தேவைப்படாது என்றார். விலையும் பல மடங்கு. ஆனால் அத்தகைய வில்லைகள் ஒளியைப் பல குவியங்களுக்குப் பங்கிட்டு அனுப்புவதால், மங்கலான பொருளை அதன் பின்னணியிலிருந்து பிரித்தறியும் திறன் ஓரளவு குறைகிறது. குளுக்கோமா ஏற்கனவே குறைத்திருப்பதும் அதே திறனைத்தான். பார்வைப் புலத்தில், அதாவது நேரே பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் பரப்பில், இழப்பு உள்ளவர்களுக்கு அவ்வில்லையைப் பொருத்துவதில் வைத்தியர்கள் தயக்கம் காட்டுவது இதனாலேயே. சத்திரசிகிச்சை நிபுணர் கோப்பைப் பார்த்ததும் ஒரே வசனத்தில் அதை மறுத்து, சாதாரண ஒருமுகக் குவிய வில்லையையே எழுதினார். நிபுணரின் நேர்மைக்கு என் மரியாதை. எனினும் விலைப்பட்டியலோடு அமர்ந்திருப்பவரின் கையில் நோயாளியின் குளுக்கோமா விபரம் இல்லாதது நிலையத்தின் குறைதான். நிபுணரைக் காணுமுன் பணம் கட்டிவிடும் அவசரக்காரர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

சத்திரசிகிச்சை நாளைப் பற்றிக் குறைகூற ஒன்றுமில்லை. எந்தக் கண் என்பதை நெற்றியில் குறியிட்டார்கள். பெயரையும் கண்ணையும் வெவ்வேறு கட்டங்களில் வெவ்வேறு ஆட்கள் நோயாளியின் வாயாலேயே சொல்லவைத்தார்கள். பெரியம்மா ஒரு கட்டத்தில், "பிள்ளை, நான் பெயரை மறக்கிற ஆளில்லை" என்று தாதியிடம் சொல்லிவிட்டார். தவறான கண்ணில் கைவைக்கும் விபத்தைத் தடுக்க உலகெங்கும் கடைப்பிடிக்கப்படும் ஒழுங்கு அது என்று தாதி தமிழிலேயே எடுத்துச் சொன்னது அவருக்குப் பிடித்துவிட்டது. ஊசி ஏற்றாமல், மரத்துப்போகச் செய்யும் துளிமருந்துடனேயே, கலங்கிய வில்லையைக் கேளாவொலியால் உடைத்து உறிஞ்சி எடுத்துப் புதிய வில்லையைப் பொருத்தினார்கள். உள்ளே என்ன நடக்கிறது, எப்போது குளிர்ச்சியாக இருக்கும், எப்போது அழுத்தம் தெரியும் என்று நிபுணர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய்ததுதான் தன் பயத்தைப் போக்கியது என்பது பெரியம்மாவின் வாக்குமூலம்.

வீட்டுக்கு அனுப்பும்போது தரப்பட்ட மருந்துத் தாளில்தான் உண்மையான பிழை இருந்தது. கிருமி எதிர்ப்பு மருந்து, வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டெரொயிட் துளிமருந்து, அவற்றை எத்தனை வாரத்தில் எப்படிக் குறைப்பது என்ற அட்டவணை எல்லாம் தெளிவாக அச்சாகியிருந்தன. ஆனால் பெரியம்மா ஆண்டுக்கணக்காக இட்டுவரும் குளுக்கோமா மருந்தைத் தொடர வேண்டுமா, நிறுத்த வேண்டுமா என்பது பற்றி அத்தாளில் ஓர் எழுத்தும் இல்லை. ஸ்டெரொயிட் துளிமருந்து சிலருக்குக் கண் அழுத்தத்தை உயர்த்தும் என்பதும், குளுக்கோமா உள்ளவர்களிடம் அந்த விளைவு ஏனையோரை விட அதிகம் என்பதும் கண் வைத்தியத்தின் பாலபாடம். "தாளில் இல்லாததை இடக் கூடாது போலிருக்கிறது" என்று பெரியம்மா பழைய மருந்தை ஒதுக்கிவைத்துவிட்டார். அடுத்த வருகையில் அழுத்தம் உயர்ந்திருந்தது. நல்லவேளையாக அந்த வருகை விரைவிலேயே அமைந்திருந்ததால் மருந்தை மீண்டும் தொடங்கி, ஸ்டெரொயிட்டை மென்மையான வேறொன்றுக்கு மாற்றினார்கள்; அழுத்தம் இறங்கிவிட்டது. நிலையத்தில் வருத்தம் தெரிவித்தார்கள். தாள் மாற்றப்பட்டதா என்று பிறகு கேட்டபோது, அது எல்லோருக்கும் பொதுவாக அச்சிடப்பட்ட தாள் என்ற பதிலே கிடைத்தது.

மருந்துப் போத்தல் விடயத்தில் மட்டும் அவர்கள் காட்டும் கவனம் குறிப்பிடத்தக்கது. 2023இல் நுவரெலியாவில் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பின் பிரெட்னிசலோன் என்ற ஸ்டெரொயிட் துளிமருந்து இட்டவர்கள் கண் தொற்றுக்கு ஆளாகி, அம்மருந்து நாடளாவிய ரீதியில் மீளப்பெறப்பட்டது இங்கே யாருக்கும் மறந்திருக்காது. இந்நிலையத்தின் மருந்தகத்தில் தொகுதி இலக்கத்தைப் பற்றுச்சீட்டிலேயே பதிந்து தருகிறார்கள். கேள்வி எழுந்தால் தேடிப்பிடிக்க வழியிருக்கிறது என்பது சிறிய நிம்மதி.

இனிக் குளுக்கோமாப் பிரிவு. அழுத்தத்தை அளப்பதில் குறையில்லை. காற்றூதும் கருவியோடு நிறுத்தாமல், கருவிழியைத் தொட்டு அளக்கும் கோல்ட்மன் கருவியையே நிபுணர் பயன்படுத்துகிறார். ஆனால் அழுத்த எண்ணை மட்டும் கேட்டுத் திருப்திப்படும் பழக்கம் நோயாளிகளிடமும் இருக்கிறது, நிலையமும் அதைத் திருத்துவதில்லை. 10 முதல் 21 வரையான பாதரச மில்லிமீற்றர் வழமையான அளவு எனப்படுகிறது. அதற்குள் அழுத்தம் இருந்தும் நரம்பு கெடுவோர் உண்டு, அதற்கு மேல் இருந்தும் நெடுங்காலம் கெடாதோரும் உண்டு. எனவே நோய் நகர்கிறதா என்பதை அறிய நரம்பின் படத்தையும் பார்வைப் புலப் பரிசோதனையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தப் புலப் பரிசோதனை அறையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். குளுக்கோமா நோயாளிகளுக்கு மிகவும் வெறுப்பூட்டும் பரிசோதனை எது என்று கேட்டால் பலரும் இதையே சொல்வார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெண்ணிறக் கிண்ணம் போன்ற கருவிக்குள் நாடியைப் பதித்து, நடுப் புள்ளியிலிருந்து பார்வையை எடுக்காமல், ஓரங்களில் மினுங்கும் வெளிச்சங்களைக் காணும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வெளிச்சங்களில் கணிசமானவை கண்ணுக்குத் தென்படாத அளவுக்கு மங்கலாகவே வரும். ஒருவரின் பார்வையின் எல்லையைத் தேடுவதற்காகக் கருவி வேண்டுமென்றே அப்படிச் செய்கிறது. நோயற்றவரும் பலவற்றைத் தவறவிடுவார். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், தவறவிட்ட ஒவ்வொன்றையும் நோயாளி தன் பார்வை போய்விட்டதற்கான சாட்சியாக எண்ணிப் பதறி, காணாத வெளிச்சத்துக்கும் பொத்தானை அழுத்தத் தொடங்கிவிடுவார், அறிக்கையும் பயனற்றதாகிவிடும்.

இங்கே அந்த அறை ஒடுக்கமானது. வெளியே இலக்கம் கூப்பிடும் சத்தம் உள்ளே கேட்கிறது. முதல் தடவை பரிசோதனை நடத்திய இளைஞர் சிங்களத்தில் ஓரிரு வசனம் சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிட்டார். பெரியம்மாவுக்குச் சிங்களம் சந்தையில் பேசும் அளவுக்குத் தெரியும், அந்த அறிவுறுத்தலுக்கு அது போதவில்லை. அறிக்கையில் நம்பகத்தன்மை குறைவு என்று வந்தது, திரும்பவும் செய்ய வேண்டியதாயிற்று, அதற்கும் கட்டணம் அறவிட்டார்கள். அடுத்த தடவை பணியில் இருந்த பெண்மணி தமிழில் எல்லாவற்றையும் விளக்கி, இருக்கையின் உயரத்தைச் சரிசெய்து, இடையில் "களைப்பாக இருந்தால் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள் அம்மா, கருவி நிற்கும்" என்று சொல்லிக்கொடுத்தார். அறிக்கை ஒழுங்காக வந்தது. அதே கருவி, அதே கண். கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் இத்தனை தமிழ் நோயாளிகள் வரும் நிலையத்தில், ஒலிப்பதிவு செய்த தமிழ் அறிவுறுத்தல் ஒன்றையாவது ஓடவிடுவது பெரிய செலவல்ல.

காத்திருப்பு மண்டபத்துச் சுவரொட்டியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குளுக்கோமா நோயாளிக்கு உலகம் எப்படித் தெரியும் என்று காட்டுவதற்கு, சுற்றிலும் கருமை சூழ்ந்து நடுவில் மட்டும் ஒரு வட்டம் தெரியும் படத்தை மாட்டியிருக்கிறார்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், லண்டனைச் சேர்ந்த டேவிட் கிராப்பும் அவருடைய குழுவினரும் பார்வைப் புல இழப்புள்ள 50 குளுக்கோமா நோயாளிகளிடம் பல படங்களைக் காட்டி, தங்கள் பார்வைக்கு நெருக்கமானதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். கருங்குகை போன்ற படத்தை ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. நான்கில் ஒருவருக்குத் தமது இழப்பே தெரிந்திருக்கவில்லை. தெரிந்தவர்களில் பலர் சில பகுதிகள் மங்கியிருக்கும் படத்தையும், சிலர் சில பொருட்கள் காணாமற்போன படத்தையும் காட்டினார்கள். ஓரம் கறுத்தால் வைத்தியரிடம் போகலாம் என்று அந்தச் சுவரொட்டி மறைமுகமாகச் சொல்கிறது. படியின் விளிம்பு தென்படாமல் தடுமாறுவதும், பக்கவாட்டில் வரும் ஓட்டோ திடீரென்று முளைத்தது போல் தோன்றுவதும் கண் சம்பந்தப்பட்டவை என்று அதைப் பார்க்கும் எவருக்கும் தோன்றாது. அதைக் கழற்றிவிடுவதே நல்லது.

துளிமருந்து பற்றிய அறிவுரையில் நிலையம் மிகவும் பின்தங்கியிருக்கிறது. மருந்து பயன் தருகிறது என்பதில் ஐயமில்லை. 2015இல் லான்செட் இதழில் வெளியான பிரித்தானிய ஆய்வில், கண் அழுத்தத்தைக் குறைக்கும் லட்டனோபுரொஸ்ட் துளிமருந்தை இட்டவர்களில் 15.2 வீதமானோருக்கும், மருந்தற்ற துளி இட்டவர்களில் 25.6 வீதமானோருக்கும் 24 மாதங்களுக்குள் பார்வைப் புலம் மோசமடைந்தது. ஆனால் மருந்து கண்ணுக்குள் போனால்தானே பயன்? 2009இல் அமெரிக்காவில் கொன்ஸ்டன்ஸ் ஒகேகேயும் சகாக்களும், போத்தலில் பதிவுக் கருவி பொருத்தி, மருந்தையும் இலவசமாகக் கொடுத்து, கண்காணிக்கப்படுவதையும் நோயாளிகளுக்குச் சொல்லிவிட்டு ஆராய்ந்தபோதே, ஏறத்தாழ 45 வீதமானோர் இட வேண்டிய வேளைகளில் முக்கால் பங்கைக்கூட இடவில்லை என்பது தெரியவந்தது. நம் வீடுகளில் விலைகொடுத்து வாங்கும் மருந்து, கண் சிவத்தலும் எரிவும் தரும் மருந்து, இட்டாலும் இடாவிட்டாலும் அன்றைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாத மருந்து. அது எந்த அளவுக்கு ஒழுங்காக இடப்படும்?

இவ்வளவும் தெரிந்த துறையில், பெரியம்மாவை ஒருமுறை இட்டுக்காட்டச் சொல்லிப் பார்த்தவர் இந்நிலையத்தில் எவருமில்லை. மூட்டுவாதம் உள்ள விரலால் போத்தலை அழுத்தும்போது பாதி மருந்து கன்னத்தில் வழிகிறது என்பது வீட்டில் நாங்கள் கண்டுபிடித்தது. கீழிமையை இழுத்து ஒரு துளி மட்டும் விடுவது, கண்ணை மூடி மூக்கோரத்து மூலையை விரலால் ஓரிரு நிமிடம் அழுத்தி மருந்து தொண்டைக்கு இறங்காமல் தடுப்பது, இரண்டு மருந்துகளுக்கிடையே குறைந்தது ஐந்து நிமிடம் விடுவது ஆகியவற்றைக் கற்றுக்கொடுக்க ஒரு தாதிக்குப் பத்து நிமிடம் போதும். திறக்காத லட்டனோபுரொஸ்ட் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும் என்பதையும், திறந்த பின் நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பதையும் மருந்தகத்தில் கேட்டுத்தான் அறிந்துகொண்டோம். தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கு ஆகாத டிமொலோல் துளிமருந்தை எழுதுமுன், அந்நோய் உண்டா என்று நிபுணர் தவறாமல் கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரு தனிப் புள்ளி.

மருந்தைத் தவிர வேறு வழி உண்டா என்று நாங்கள் கேட்ட பிறகே, கண்ணுக்குள் இருக்கும் திரவம் எளிதாக வடியச் செய்து அழுத்தத்தைக் குறைக்கும் லேசர் சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தது. 2019இல் வெளியான லைட் ஆய்வில், புதிதாகக் கண்டறியப்பட்ட திறந்தகோணக் குளுக்கோமா (திரவம் வடியும் கோணம் மூடிக்கொள்ளாத வகை) நோயாளிகளுக்கும் அழுத்தம் உயர்ந்தவர்களுக்கும் முதலிலேயே லேசர் செய்ததில், அவர்களில் 74 வீதமானோர் மூன்று ஆண்டுகள் துளிமருந்தே இல்லாமல் அழுத்தம் கட்டுப்பாட்டில் இருக்கக் கண்டார்கள். எல்லோருக்கும் அது பொருந்தாது, காலப்போக்கில் பலன் குறையலாம் என்பதை நிபுணர் விளக்கினார். விளக்கம் நன்றாகவே இருந்தது. மருந்து வாங்கவும் இடவும் சிரமப்படும் வயோதிபர்களுக்கு இதைக் கேட்காமலே சொல்ல வேண்டாமா என்பதுதான் என் கேள்வி. 2022இல் இறக்குமதி மருந்துகளுக்குத் தட்டுப்பாடு நிலவிய மாதங்களை அனுபவித்த நாட்டில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் பாரம் உண்டு.

குடும்பத்தவர் பற்றியும் ஒரு சொல். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ குளுக்கோமா இருந்தால் மற்றவர்களுக்கு அதன் வாய்ப்புப் பல மடங்கு கூடுகிறது. தமிழ்நாட்டில் நடந்த கள ஆய்வுகளில், திறந்தகோணக் குளுக்கோமா இருந்தவர்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோருக்குத் தமக்கு அந்நோய் இருப்பதே அதற்கு முன் தெரிந்திருக்கவில்லை. பெரியம்மாவின் பிள்ளைகளும் என் அம்மாவும் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று வரவேற்பு மேசையில் ஒரு துண்டுச் சீட்டாவது தந்திருக்கலாம். நோயாளிகளைத் தேடி விளம்பரம் செய்யும் நிலையத்துக்கு இது வியாபாரத்துக்கும் நல்லதே!

வெளியேறும்போது கருத்துப் படிவம் ஒன்றைத் தருகிறார்கள். மண்டபத்தின் துப்புரவு, ஊழியர்களின் பண்பு, காத்திருந்த நேரம் ஆகியவற்றுக்கு நட்சத்திரம் இட வேண்டும். சுவீடனில் உருவாகிப் பல நாடுகளில் பயன்படும் கற்குவெஸ்ட் வினாக்கொத்தில் ஒன்பதே கேள்விகள். பத்திரிகை எழுத்தை வாசிக்க முடிகிறதா, முகங்களை அடையாளம் காண முடிகிறதா, கடையில் விலையைப் பார்க்க முடிகிறதா, மேடுபள்ளமான நிலத்தில் நடக்க முடிகிறதா என்று அவை போகின்றன. அத்தகைய ஒன்றைச் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் நிரப்பவைத்தால் நிலையம் தன் வேலையின் பலனைத் தானே அறிந்துகொள்ளலாம். சத்திரசிகிச்சைக்குப் பின் பெரியம்மா அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கிவிட்டார் என்ற செய்தியை எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

அரச வைத்தியசாலைகளில் இதே சத்திரசிகிச்சையைக் கட்டணமின்றிப் பெறலாம் என்பதையும், கொழும்பில் தேசிய கண் வைத்தியசாலையே இருக்கிறது என்பதையும் சேர்த்து எண்ணித்தான் எவரும் தனியாரிடம் போவதைத் தீர்மானிக்க வேண்டும். தனியாரிடம் வாங்குவது பெரும்பாலும் நேரத்தையும், நிபுணரைத் தெரிவுசெய்யும் உரிமையையுமே. கண்புரையைப் பொறுத்தவரை அந்த விலைக்கு உரியது இங்கே கிடைக்கிறது. பெரியம்மாவின் மற்றக் கண்ணுக்கும் இதே நிபுணரிடமே செய்வதென்று முடிவுசெய்திருக்கிறோம். இம்முறை குளுக்கோமா மருந்தின் பெயரை மருந்துத் தாளில் அவரது கையாலேயே எழுதி வாங்கிக்கொள்வோம். குளுக்கோமாவின் தொடர் கவனிப்பை மட்டும், அந்நோயிலேயே சிறப்புப் பயிற்சி பெற்ற வேறொரு நிபுணரிடம் மாற்றவிருக்கிறோம். மாறுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: புலப் பரிசோதனை அறிக்கைகளின் பிரதிகளைக் கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் அவை கோப்பிலேயே கிடக்கும். முதல் அறிக்கை தொடக்கம் எல்லாவற்றையும், நம்பகத்தன்மை குறைந்ததென ஒதுக்கப்பட்டதையும் சேர்த்து, பரிசோதனை செய்த கருவியின் பெயர் தெரியும்படி பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வேறு வகைக் கருவியில் எடுத்த அறிக்கையோடு இதை நேரடியாக ஒப்பிட முடியாது என்பதால், புதிய இடத்தில் முதலில் கேட்கப்போவது அதுவாகத்தான் இருக்கும்.